‘ஒன் வீக்’கில் ஆரம்பியுங்கள்: பஸ்டர் கீட்டனின் குறும்படங்களுக்குள் நுழைய ஒரு வழி

அமெரிக்க ஊமைப்பட நகைச்சுவை நடிகரும் இயக்குநருமான பஸ்டர் கீட்டனை முதல் தடவை பார்த்தபோது எனக்குப் பிடிக்கவில்லை. யாரோ கொடுத்த டிவிடி. மனிதர்கள் எறும்பு மாதிரி குடுகுடுவென்று ஓடினார்கள், பின்னால் ஒரு பியானோ படத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் தட்டிக்கொண்டிருந்தது, பத்து நிமிடத்தில் அணைத்துவிட்டேன். மூன்று வருடம் கழித்து அதே படத்தை நல்ல பிரதியில், சரியான வேகத்தில் பார்த்தபோதுதான் நான் எதைத் தவறவிட்டேன் என்று தெரிந்தது. நான் பட்ட பாட்டை நீங்களும் பட வேண்டாம் என்பதற்காகத்தான் இது. ஊமைப்படமே பார்த்ததில்லை என்பவர்களையும் மனதில் வைத்தே எழுதுகிறேன்.

எந்தக் குவியலில் கை வைப்பது

கீட்டனின் குறும்படங்கள் என்று தேடினால் கண்டமேனிக்கு வந்து விழும். அதை மூன்று குவியலாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதலாவது, 1917 முதல் 1920 வரை ராஸ்கோ ஆர்பக்கிள் என்ற குண்டு நடிகரின் படங்களில் இவர் துணையாக நடித்தவை. இரண்டாவது, 1920 முதல் 1923 வரை தன் சொந்தக் குழுவோடு ஹாலிவுட்டில் எடுத்த 19 படங்கள். மூன்றாவது, எம்ஜிஎம் நிறுவனத்தில் சேர்ந்து, சுதந்திரத்தை இழந்து, 1933இல் அங்கிருந்து வெளியேற்றப்பட்ட பிறகு, 1934க்கும் 1941க்கும் நடுவில் எஜுகேஷனல், கொலம்பியா ஆகிய இரண்டு நிறுவனங்களுக்காக நடித்த மலிவுப் பேசும்படங்கள்.

நமக்கு வேண்டியது நடுக் குவியல். பெரும்பாலானவை இரண்டு ரீல், அதாவது சுமார் இருபது நிமிடம்தான், 19 படங்களையும் சேர்த்தால்கூட ஏழு மணி நேரத்தைத் தாண்டாது. புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் மூன்றாவது குவியலில் தெரியாமல் கால் வைத்துவிட்டு, இவ்வளவுதானா இந்த ஆள் என்று திரும்பிப் போய்விடுகிறார்கள். படத்தில் கீட்டன் வாயைத் திறந்து பேசினால் தவறான குவியலில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம், வெளியே வந்துவிடுங்கள்.

பிரதியைச் சோதியுங்கள்

இது அலுப்பான வேலைதான், ஆனால் இதில் கோட்டை விட்டால் மிச்சம் எதுவும் பயன்படாது. அந்த 19 படங்களுக்கும் அமெரிக்காவில் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது, அதனால் யூடியூபிலும் இன்டர்நெட் ஆர்க்கைவிலும் யார் வேண்டுமானாலும் ஏற்றலாம், ஏற்றியும் இருக்கிறார்கள். நகலின் நகலாக வெளுத்துப் போனதும் அங்கே கிடைக்கும், பளிச்சென்று மீட்டெடுக்கப்பட்டதும் கிடைக்கும். ஒரே படத்துக்கு நாலு பிரதியைத் திறந்து முதல் நிமிடத்தை மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள். காசு கொடுத்து வாங்கத் தயார் என்றால் கினோ, யுரேகா இரண்டு நிறுவனங்களும் 1917 முதல் 1923 வரையான படங்களை ப்ளூ-ரே தொகுப்பாக வெளியிட்டிருக்கின்றன.

வேகத்தைக் கவனியுங்கள். அந்தக் காலத்தில் கேமராவைக் கையால் சுற்றினார்கள், நொடிக்கு இத்தனை பிரேம் என்ற கட்டாயம் இல்லை. பேசும்படம் வந்த பிறகுதான் 24 என்று நிலைத்தது. மெதுவாக எடுத்ததை 24இல் ஓட்டினால் எல்லோரும் எறும்பாகிவிடுவார்கள். ‘ஒன் வீக்’ இருபது நிமிடத்தை ஒட்டி ஓட வேண்டும், பதினைந்திலேயே முடிந்துவிட்டால் ஏதோ சரியில்லை. நல்ல பிரதி சிக்கவில்லை என்றால் பிளேயரில் வேகத்தை 0.75க்குக் குறைத்து ஒலியை அணைத்துவிடுங்கள். துரத்தல் காட்சிகளில் மட்டும் கீட்டனே வேண்டுமென்று கொஞ்சம் வேகமாகத் தெரியும்படி எடுத்திருப்பார், அதற்குப் பிரதியைக் குறை சொல்லக் கூடாது.

ஒலியை அணைப்பதில் பாவம் ஒன்றும் இல்லை. இந்தப் படங்களுக்கு இதுதான் இசை என்று எதுவும் ஒட்டிக்கொண்டு வரவில்லை, நீங்கள் கேட்பது பிற்காலத்தில் யாரோ சேர்த்தது. நன்றாக இருந்தால் கேளுங்கள்.

அப்புறம் திரை. கிட்டத்தட்டச் சதுரமாக, இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டையோடு இருக்க வேண்டும். டிவி அதை இழுத்து அகலமாக்கினால் அமைப்பில் போய் நிறுத்திவிடுங்கள். இன்ஸ்டாகிராம் ரீல்ஸுக்காக நறுக்கிய துண்டுகளைப் பார்த்து கீட்டனைப் பார்த்ததாக நினைக்காதீர்கள். இவர் படத்தில் தலை முதல் கால் வரை தெரிவதுதான் விஷயமே, அதைக் கீழே சொல்கிறேன்.

ஆங்கிலம் தடையாகுமோ என்ற கவலை வேண்டாம். வசனத்துக்காக நடுநடுவே வரும் எழுத்து அட்டைகள் குறைவு, அவற்றில் பாதியை விட்டுவிட்டாலும் கதை புரியும். என் அம்மாவோடு உட்கார்ந்து மூன்று படம் பார்த்தேன், நான் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது மொத்தமே ஏழெட்டு வரிதான், அதுவும் பாதிக்கு மேல் “தெரியுது, சும்மா இரு” என்றாள்.

முதல் படம்: ‘ஒன் வீக்’ (1920)

முதல் படம் இதுதான், மாற்றுப் பேச்சே இல்லை. புதுமணத் தம்பதிக்கு ஒரு மனையும், பெட்டி பெட்டியாகக் கழற்றி அடுக்கிய ஒரு வீடும் கல்யாணப் பரிசாக வருகின்றன. பெட்டியில் போட்டிருக்கும் எண் வரிசைப்படி பூட்டினால் வீடு தயார். மணப்பெண் வேண்டாம் என்று ஒதுக்கிய ஒருவன் அந்த எண்களை மாற்றி எழுதிவிடுகிறான். கீட்டன் அந்தத் தப்பான எண்களை அப்படியே நம்பி, கடமை தவறாமல் கட்டி முடிக்கிறார். வாசல் கதவு மாடியில் அந்தரத்தில் திறக்கிறது, சுவர்கள் கோணிக்கொண்டு நிற்கின்றன. விருந்து வைக்கும் நாள் 13ஆம் தேதி வெள்ளிக்கிழமை, புயல் வேறு, விருந்தாளிகளை உள்ளே வைத்துக்கொண்டு வீடு பம்பரம் மாதிரி சுற்றுகிறது.

அது நிஜ வீடு. சுழல் மேடை மேல் கட்டி உண்மையாகவே சுற்றவிட்டார்கள். ஃபோர்டு நிறுவனம் 1919இல் இந்த மாதிரி பாகம் பாகமாகப் பூட்டி வீடு கட்டுவதைப் பற்றி ஒரு விளக்கப்படம் எடுத்திருந்தது, அதைக் கிண்டல் செய்யும் யோசனையில்தான் இது பிறந்தது.

ஒன்றுக்கு இரண்டு தடவை பாருங்கள். முதல் தடவை சும்மா சிரியுங்கள். இரண்டாம் தடவை கேமரா எங்கே நிற்கிறது என்று மட்டும் கவனியுங்கள். ஆபத்து வரும்போதெல்லாம் அது தள்ளிப் போய் நிற்கும், வெட்டாது, கிட்டே வராது, முகத்தைக் காட்டாது. ஆள், வீடு, அவர்களுக்கு நடுவில் இருக்கிற தூரம் மூன்றும் ஒரே சட்டத்துக்குள் இருக்கும். ஏமாற்றவில்லை, நீயே பார்த்துக்கொள் என்று நம்மிடம் சொல்லிவிட்டு விழுகிற மாதிரி. கீட்டனின் நகைச்சுவை இந்தத் தூரத்தில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. முகத்தில் சிரிப்பே வராத மனிதர் என்று எல்லோரும் அந்த முகத்தைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு அவர் முதுகைப் பார்த்தாலே போதும், ஒரு பொறியாளர் கணக்குப் போடுகிற மாதிரி நிற்பார்.

தண்டவாளக் காட்சியைச் சொல்லிக் கெடுக்க மனமில்லை. அங்கே கீட்டன் கேமராவை வைத்திருக்கும் இடத்தை மட்டும் பாருங்கள், நகைச்சுவை முழுக்க அந்த ஒரு கோணத்தில் இருக்கிறது. கொஞ்சம் தள்ளி வைத்திருந்தால் எல்லாம் முன்கூட்டியே தெரிந்து போயிருக்கும்.

அடுத்து நான்கு, இந்த வரிசையில்

ஒரு நாளுக்கு ஒன்றுதான், மிஞ்சினால் இரண்டு. அடுக்கிப் பார்த்தால் ஒன்றோடொன்று குழம்பிவிடும், ஏனென்றால் எல்லாவற்றிலும் அதே தொப்பி, அதே பெரிய உடம்பு வில்லன் ஜோ ராபர்ட்ஸ், பல படங்களில் அதே கதாநாயகி.

இரண்டாவதாக ‘தி கோட்’ (1921). பலியாடு என்ற அர்த்தத்தில் வைத்த பெயர். சிறையில் புகைப்படம் எடுக்கிறார்கள், குற்றவாளி நைசாக நகர்ந்துகொள்ள, ஜன்னல் வழியே எட்டிப் பார்த்த கீட்டனின் முகம் பதிவாகி, ஊர் முழுக்கச் சுவரொட்டியாகிவிடுகிறது. கதை அவ்வளவுதான், மீதி எல்லாம் ஓட்டம். தூரத்திலிருந்து ஒரு ரயில் நேராக நம்மை நோக்கி வந்து, கேமராவுக்கு முன்னால் நிற்கும், எஞ்சினின் முன்முனையில் கீட்டன் அசையாமல் உட்கார்ந்திருப்பார். ஒரே ஷாட். இதையும், சாப்பாட்டு மேஜையிலிருந்து எம்பி ஜோ ராபர்ட்ஸின் தோளில் மிதித்துக் கதவுக்கு மேலுள்ள ஜன்னல் வழியாகப் பாய்வதையும் நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். நான் பார்த்தேன், எப்படி என்று இன்னும் பிடிபடவில்லை.

மூன்றாவது ‘தி போட்’ (1921). வீட்டுக்குள்ளேயே படகு கட்டுகிறார், வெளியே இழுத்தால் வாசல் போதவில்லை, வீடே பின்னால் சரிகிறது. மனைவி, இரண்டு பையன்களோடு நீரில் இறக்கும் நேரம். படகு சறுக்குப் பாதையில் கம்பீரமாக இறங்கி, அதே வேகத்தில், ஒரு குலுக்கல்கூட இல்லாமல் தண்ணீருக்குள் போய்விடும். கீட்டன் மேலே நின்றபடியே கூடவே போவார். படகின் பெயர் ‘டாம்ஃபினோ’. வேகமாகச் சொன்னால் ஆங்கிலத்தில் “எவனுக்குத் தெரியும், நாசமாப் போக” என்கிற மாதிரி காதில் விழும். இது தெரியாவிட்டால் கடைசிச் சிரிப்பு கை நழுவிவிடும், அதனால்தான் முன்கூட்டியே சொல்கிறேன். இந்தப் படம் இன்று பார்க்கக் கிடைப்பதற்குப் பின்னாலும் ஒரு கதை உண்டு. கீட்டன் செல்வாக்கோடு இருந்த காலத்தில் பெவர்லி ஹில்ஸில் கட்டிய பங்களாவைப் பிற்பாடு நடிகர் ஜேம்ஸ் மேசன் வாங்கினார். அங்கே கீட்டன் விட்டுப்போன படச்சுருள்களை அவர் கண்டெடுத்தார், அவற்றில் இதுவும் ஒன்று.

நான்காவது ‘தி பிளேஹவுஸ்’ (1921). இது வேறு ஜாதி. வீட்டுக்குள் நகரும் படிக்கட்டு வைத்து எடுத்துக்கொண்டிருந்த ஒரு படத்தில் கீட்டனின் பூட்ஸ் மாட்டிக் கணுக்கால் எலும்பு முறிந்துவிட்டது. விழ முடியாது, பாய முடியாது. சரி, உடம்புக்குப் பதில் கேமராவைக் குட்டிக்கரணம் போடவைப்போம் என்று இறங்கினார்கள். நாடகக் கொட்டகையில் வாத்தியக் குழுவும் அவரே, பார்வையாளர்களும் அவரே, மேடையில் வரிசையாக ஒன்பது பேரும் அவரே. லென்ஸுக்கு முன்னால் ஒன்பது தடுப்பு, ஒன்றை மட்டும் திறந்து எடுத்து, பிலிமைப் பின்னுக்குச் சுற்றி, அடுத்ததைத் திறந்து மறுபடி எடுக்க வேண்டும். இப்படி ஒன்பது முறை. ஒளிப்பதிவாளர் எல்ஜின் லெஸ்லி கையால் சுற்றிய வேகம் ஒரு தடவை பிசகினாலும் எட்டுத் தடவை எடுத்ததும் குப்பை. இன்று போனிலேயே செய்துவிடலாம் என்று தோன்றுகிறதா? அந்த ஒன்பது பேரும் ஒரே தாளத்துக்கு ஆடுவதைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் இங்கேயே. அந்த ஒன்பது பேர் முகத்தில் கரி பூசிக் கறுப்பின மக்களைக் கேலி செய்யும் அக்கால மேடை வேஷத்தில் வருகிறார்கள். ‘நெய்பர்ஸ்’ஸிலும் அந்த மாதிரி ஒரு கரிப்பூச்சு நகைச்சுவை உண்டு, ‘தி பேல்ஃபேஸ்’ முழுக்க அமெரிக்கப் பழங்குடிகளைப் பற்றிய வேடிக்கை. குழந்தைகளோடு பார்ப்பதாக இருந்தால் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போடுங்கள்.

ஐந்தாவதாகத்தான் ‘காப்ஸ்’ (1922). பல பட்டியல்களில் இது முதலிடத்தில் இருக்கும், இதில்தான் தொடங்க வேண்டும் என்பார்கள், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பெரிய தொழிலதிபராக வந்தால்தான் கல்யாணம் என்று காதலி சொல்லிவிட, அடுத்தவன் வீட்டுச் சாமான்களைத் தன்னுடையது என்று நம்பி வண்டியில் ஏற்றிக்கொண்டு, காவல்துறை அணிவகுப்புக்கு நடுவில் போய் மாட்டுகிறார். கூரையிலிருந்து யாரோ போட்ட வெடிகுண்டுத் திரியில் சிகரெட் பற்றவைக்கிறார். அப்புறம் நகரத்துப் போலீஸ் முழுவதும் பின்னால். ஓடுகிற காரை ஒரு கையால் பற்றி, உடம்பு கிடையாகப் பறக்க மறைந்து போவதை ஒரே ஷாட்டில் காட்டுவார்.

ஏன் ஐந்தாவது என்றால், அதன் முடிவு. சிரிப்புப் படத்தின் கடைசியில் ஒரு கல்லறை, அதன் மேல் அந்தத் தட்டைத் தொப்பி. அந்தத் தொப்பியோடு நாலு படமாவது பழகியிருந்தால்தான் அது மனதைப் பிசையும். படம் வெளியான சமயத்தில் நிஜத்திலும் நிலைமை இருட்டாகத்தான் இருந்தது. கீட்டனின் நண்பரும் குருவுமான ஆர்பக்கிள் ஒரு நடிகையின் மரணத்தில் குற்றம் சாட்டப்பட்டு 1921 கடைசியிலிருந்து நீதிமன்றம் ஏறிக்கொண்டிருந்தார். மூன்றாவது விசாரணையில், 1922 ஏப்ரலில், குற்றமற்றவர் என்று விடுவித்தார்கள். ஆனால் திரையில் அவர் வாழ்க்கை போனது போனதுதான்.

தொப்பி என்றதும் ஒன்று. கடையில் வாங்கிய நல்ல ஃபெல்ட் தொப்பியை வெட்டித் தட்டையாக்கி, சர்க்கரைத் தண்ணீர் தடவி விறைப்பாக்கித் தன் கையாலேயே செய்துகொள்வார்.

மிச்சம் பதினான்கு

இங்கே வரிசை முக்கியமில்லை, உங்கள் ருசி எதுவோ அது. இயந்திரப் பைத்தியம் என்றால் ‘தி ஸ்கேர்குரோ’ (1920). ஒரே அறை வீடு, கிராமபோன் அடுப்பாகிறது, கட்டில் பியானோவாகிறது, உப்பு டப்பா கயிற்றில் ஊஞ்சலாடி மேஜைக்கு வந்து போகிறது. கீட்டன் படத்திலேயே எனக்கு மிகப் பிடித்த சாப்பாட்டுக் காட்சி அதுதான். கூடவே ஆர்பக்கிளின் நாய் லூக் ஒரு துரத்தல் நடத்தும். அதே ருசிக்கு ‘தி எலக்ட்ரிக் ஹவுஸ்’ (1922). காலை உடைத்துக்கொண்ட அந்தப் படத்தைக் குணமான பிறகு புதிதாக எடுத்தது.

சர்க்கஸ் பிடிக்கும் என்றால் ‘நெய்பர்ஸ்’ (1920). ஒருவர் தோள் மேல் ஒருவராக மூன்று பேர் நின்றபடி தெருவைக் கடப்பதும், வழியில் சாரத்துக்குள் நுழைந்து வெளியேறுவதும். ‘தி ஹை சைன்’தான் தன் குழுவோடு கீட்டன் முதலில் எடுத்த படம், ஆனால் பிடிக்காமல் போய் அலமாரியில் வைத்துவிட்டு ‘ஒன் வீக்’கை முன்னால் விட்டார். கால் உடைந்து வீட்டில் கிடந்த 1921இல் வேறு வழியில்லாமல் வெளியானது. அவருக்குப் பிடிக்காவிட்டால் என்ன, வீட்டின் நான்கு அறையையும் வெட்டிப் பிளந்து ஒரே சட்டத்தில் காட்டும் கடைசித் துரத்தல் எனக்குப் பிடிக்கும்.

‘தி ஃப்ரோசன் நார்த்’ (1922) கடைசியில். அது வில்லியம் எஸ். ஹார்ட் என்ற அக்காலக் கௌபாய் நடிகரைப் பகடி செய்வது, அசலைத் தெரியாமல் பார்த்தால் இந்த மனிதர் ஏன் இவ்வளவு அழுகிறார் என்று விழிப்பீர்கள். ‘தி பிளாக்ஸ்மித்’துக்கு இரண்டு வடிவம் இருக்கிறது, நெடுநாள் தெரியாமல் கிடந்த மற்றொன்றை 2013இல் அர்ஜென்டினாவில் கண்டுபிடித்தார்கள். ஒன்று போதும்.

பிறகு பின்னோக்கி, பிறகு முன்னோக்கி

இவ்வளவும் முடிந்த பிறகு ஆர்பக்கிள் படங்களுக்குப் போங்கள். கீட்டன் கைக்குழந்தையிலிருந்தே மேடைக்காரர். அப்பா அவரைத் தூக்கி வீசுவதுதான் குடும்பத்தின் நாடகம், வீச வசதியாகச் சட்டை முதுகில் பெட்டிக் கைப்பிடி தைத்திருந்தார்கள். 1917இல் வாரம் 250 டாலர் மேடை வேலை கையில் இருந்தும் அதை உதறிவிட்டு 40 டாலருக்கு சினிமாவுக்கு வந்தார். முதல் படம் ‘தி புட்சர் பாய்’, வெல்லப்பாகு வாங்க வந்து தொப்பியும் காலும் ஒட்டிக்கொண்டு நிற்பார். அதற்குப் பிறகு ‘கோனி ஐலண்ட்’ (1917) பாருங்கள், அதில் கீட்டன் பல்லைக் காட்டிச் சிரிக்கிறார், அழுகிறார். இத்தனை படத்துக்குப் பிறகு அதைப் பார்க்கும்போது ஏதோ உறவினர் கல்யாண ஆல்பத்தைப் புரட்டுகிற மாதிரி இருக்கும்.

ஒரு சின்ன விளையாட்டும் இருக்கிறது. ‘பேக்ஸ்டேஜ்’ (1919) என்ற படத்தில் ஒரு செட் சுவர் ஆர்பக்கிள் மேல் விழும், ஜன்னல் இடைவெளியால் அவர் தப்புவார். அதே யோசனை ‘ஒன் வீக்’கில் கொஞ்சம் பெரிதாகி வரும். 1928இல் ‘ஸ்டீம்போட் பில் ஜூனியர்’ முழுநீளப் படத்தில் நிஜமான கனத்தோடு ஒரு வீட்டு முகப்பே கீட்டன் மேல் சாயும், இரண்டு தோளுக்கும் அந்தப் பக்கம் சில அங்குலம்தான் மிச்சம். மூன்றையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள், பத்து வருடத்தில் ஒரு நகைச்சுவை எப்படி வளர்ந்தது என்பது கண்ணுக்குத் தெரியும்.

முழுநீளப் படங்களுக்குத் தாவ ‘ஷெர்லாக் ஜூனியர்’ (1924) நல்ல பாலம், முக்கால் மணி நேரம்தான்.

கடைசியாக, நாற்பது வருடத்தை ஒரே தாவாகத் தாண்டி, கனடா தேசியத் திரைப்பட வாரியம் 1965இல் வெளியிட்ட ‘தி ரயில்ராடர்’. வண்ணப்படம், 24 நிமிடம், வசனம் கிடையாது. வயதான கீட்டன் தண்டவாளத்தில் ஓடும் ஒரு சின்ன மோட்டார் வண்டியில் கனடாவின் ஒரு கரையிலிருந்து மறு கரை வரை போகிறார். அதைப் பார்த்த கையோடு, படப்பிடிப்பை வைத்து எடுத்த ‘பஸ்டர் கீட்டன் ரைட்ஸ் அகெய்ன்’ ஆவணப்படத்தையும் பாருங்கள். உயரமான ரயில் பாலத்தின் மேல் வண்டி ஓடும்போது ஒரு பெரிய வரைபடத்தில் சிக்கிக்கொண்டு எழுந்து நின்று தடுமாற வேண்டும் என்கிறார் கீட்டன். இயக்குநர் ஜெரால்ட் பாட்டர்டன் ஆபத்து என்று பயப்படுகிறார், வேறு இடத்தில் எடுக்கலாம் என்கிறார். 69 வயதுக் கிழவர் விடவில்லை, இதெல்லாம் ஒரு ஆபத்தா என்று முணுமுணுத்து, சண்டை போட்டு, கடைசியில் பாலத்தின் மேலேயே எடுக்கவைத்தார். கேமரா எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று மட்டும் அந்த இடத்தில் பாருங்கள்.